மலையில் தீ, கையில் காப்பு

மார்ச் 12, வியாழன்

அருவியில் தண்ணீர் நூலாகிவிட்டது. சாரல் மாதங்களில் 'வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை' என்று ஒலிபெருக்கியில் கேட்கிற குரல் என்னுடையதுதான். இப்போது அந்தக் குரலுக்கு வேலையில்லை. பேரூராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில்தான் பரபரப்பு. வருகிற செவ்வாய் காப்புக் கட்டு, அதற்கடுத்த செவ்வாய் உச்சினிமாகாளி அம்மன் கோயில் கொடைவிழா. மாமனார் போன பிறகு இந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் முதன்முதலாகச் சாமியாடப் போகிறார். இந்த இளைப்பை வைத்துக்கொண்டு எப்படி ஆடுவார் என்று கேட்டால் கோபம் வரும். கேட்டேன். வந்தது.

“இளைப்புன்னு எவன்ட்டி சொன்னான்? சளி.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சளி போனபாடில்லை. டாக்டரிடம் போவோம் என்றால், குத்தாலிங்கத்துக்கு மூச்சு வாங்குது என்று நாலு பேர் சொல்லிவிடக் கூடாதாம்.

மார்ச் 17, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

தர்மகர்த்தா பாண்டித்துரை அண்ணாச்சி கோயில் வாசலில் நின்று வழக்கம்போல் சொன்னார்: கொடை முடிகிற வரை ஐந்துபுளிக்காரர் யாரும் ஊர் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. சாமியாடுகிறவர் எல்லையைத் தாண்டவே கூடாது. மலையடியில் இருக்கிற ஐந்துபுளி என்கிற எங்கள் சின்ன ஊருக்கு இதுதான் சட்டம். இதுவரை யாரும் மீறியதில்லை.

மார்ச் 18, புதன்

மலையில் தீ. காலையில் மேகம் என்று நினைத்தேன். இந்த மாதத்தில் ஏது மேகம்?

மதியம் செயல் அலுவலர் சிவனணைந்தபெருமாள் சார் ஒரு தாளை நீட்டினார். “வனப்பகுதியில் ஏற்பட்டுள்ள காட்டுத்தீயை முன்னிட்டு பொதுமக்கள் எவரும் மலையடிவாரத்திற்குச் செல்ல வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” பரீதின் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்க வாசித்தேன். பரீது கடையநல்லூர்ப் பையன், நோன்பு வேறு. “நீங்க தண்ணி குடிங்கக்கா, எனக்காகப் பாக்காதீங்க” என்றான். நானும் குடிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம். அருவியில் வெள்ளம், யாரும் வராதீர்கள் என்று நான் சொன்னால் உடனே வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளம் பார்க்க வருவார்கள். நேற்று அதே குரல் தீ என்றது. அவ்வளவுதான், பிள்ளைகுட்டிகளோடு தீ பார்க்க வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு வீடியோ. சுண்டல்காரர்கூட வந்துவிட்டார். தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

“உங்க குரலைக் கேட்டாலே ஜனங்க கிளம்பிடுறாங்களேம்மா” என்று சார் நொந்துகொண்டார். எனக்குச் சுருக்கென்றது. “சார், அந்தத் தாள்ல ஒரு சேதியும் இல்லையே. தீ எங்கன இருக்குன்னு தெரியலன்னா பாக்கத்தான் வருவாங்க” என்றேன். யோசித்தார். வனத்துறைக்குப் போன் போட்டு என்னிடமே கொடுத்தார்.

சாயங்காலம் இப்படிச் சொன்னேன்: “தீ மேல புல்மேட்டுலதான் இருக்கு. வீடுகளுக்கு வரல. அறுபது பேரு மேல நின்னு அணைக்காங்க. கீழ இருந்து பாத்தா புகைதான் தெரியும். வண்டி போக வழி விடுங்க. அடுத்த சேதி காலையில ஏழு மணிக்கு, நானே வந்து சொல்லுதேன்.” கூட்டம் கலைந்தது. சுண்டல்காரர் கடைசியாகப் போனார்.

மார்ச் 20, வெள்ளி

புகை கீழே இறங்கிவிட்டது. கொடியில் காய்ந்த துணியில் சாம்பல்.

ஏழு மணி, ஒரு மணி, ஆறு மணி என்று மூன்று வேளையும் சேதி சொல்கிறேன். பால் ஊற்றுகிறவர்கூட வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்?

வாட்ஸ்அப்பில் ஈரத்துண்டு கட்டினால் போதும் என்று சுற்றுகிறது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா அது பத்தாது என்றார். என்-95 மாஸ்க் வேண்டும், கதவு ஜன்னலை மூடிவைக்க வேண்டும், வீட்டுக்குள் ஊதுபத்தி சாம்பிராணிகூட வேண்டாம். இளைப்புக்காரர்கள் புகையில்லாத இடத்துக்குப் போய்விடுவதுதான் நல்லது. அதை அப்படியே மைக்கில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் கோயிலில் சாம்பிராணி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் நம்மாள். தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குகிறது. மாஸ்க்கைக் கொடுத்தேன். அம்மன் முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்பதா என்று மேசையில் வைத்துவிட்டார். அவர் மூச்சு விடும்போது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே சோறு பொங்கினேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 21, சனி

இன்று பெருநாள். பரீது தொழுகை முடித்து, புதுச் சட்டையோடு ஆட்டோவைக் கொண்டுவந்தான். அவன் அம்மா எனக்கும் சேர்த்துப் பிரியாணி கொடுத்துவிட்டிருந்தார்கள். சாப்பிட நேரமில்லை.

காற்று திரும்பிவிட்டது. தீ எங்கள் சரிவுப்பக்கம் இறங்குகிறதாம். நெருப்பு ஊருக்குள் வராது, புகைதான் கட்டிக்கொண்டு நிற்கும் என்றார்கள். ஐந்துபுளி ஜனங்கள் எல்லோரும் மேலகரத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. பஸ் வந்து நின்றது. நான் சொன்னேன். ஒரு கதவு திறக்கவில்லை.

பாண்டித்துரை அண்ணாச்சியிடம் சார் கையெடுத்துக் கும்பிட்டே கேட்டார். “காப்புக் கட்டியாச்சே சார். எல்லையத் தாண்டி எப்படிப் படுக்க? நாளப்பின்ன ஊருக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?” என்றார் அண்ணாச்சி. அவர் மேலும் தப்பில்லை. இருமிக்கொண்டேதான் சொன்னார்.

மறுபடி தெருவைச் சுற்றினோம். எங்கள் வீட்டு வாசலில் இவர். தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டார். என்னிடமே!

என்ன ஆயிற்றோ எனக்கு. தாளைச் சுருட்டி எறிந்தேன். மைக் கையில் இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. “ஏங்க, உங்களத்தான் சொல்லுதேன்! ஊருக்கெல்லாம் சொல்லுதேன், எல்லாரும் கேக்காங்க. எம் வீட்டுக்காரருக்குத்தான் காது கேக்கல. மூச்சு முட்டுதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீங்க? நீங்க இல்லாம நான் யாருக்குச் சோறு பொங்க?” என்று கத்திவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். யாரோ “சரியாத்தான கேக்கா” என்றார்கள். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பரீது மைக்கை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி அணைத்தான்.

என்ன காரியம் செய்தேன்? ஊர் முன்னால், அதுவும் காப்புக் கட்டினவரை. சாப்பிடாமல் படுத்துவிட்டார். நானும்.

மார்ச் 22, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் எதிர்வீடு தெரியவில்லை, அவ்வளவு புகை. உச்சிப் பூசைக்கு ஊர் முழுக்கக் கோயிலில் நின்றது. பாதிப் பேர் மாஸ்க், பாதிப் பேர் முந்தானை. இவர் என்னோடு பேசவே இல்லை. மேளம் ஆரம்பித்ததும் இவர் உடம்பு உதறியது. சாமி வந்துவிட்டது. ஆனால் ஆடவில்லை. அம்மன் முன்னால் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்து மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“எனக்கு மூச்சு முட்டுதுடா” என்றார். “எம் பிள்ளையளுக்கெல்லாம் மூச்சு முட்டுது. எனக்கும் முட்டுது. என்னயக் கூட்டிட்டுப் போங்க.”

 முதலில் அழுதது பாண்டித்துரை அண்ணாச்சி. கன்னத்தில் போட்டுக்கொண்டு, “தாயே, ஒனக்கா!” என்றார். பிறகு திரும்பி, “அவ எங்கன இருக்காளோ அதான்வே எல்லை. கும்பத்தத் தூக்குங்க” என்றார்.

இவர் தலையில் அம்மனின் கும்பம். முகத்தில் மாஸ்க், அண்ணாச்சியே கட்டிவிட்டது. கும்பத்துக்குப் பின்னால் ஐந்துபுளி முழுக்க, ஆடுமாடு உட்பட. பஸ்ஸில் யாரும் ஏறவில்லை, அம்மன் நடக்கும்போது நாம் ஏறுவதா என்று. சார் வெறும் பஸ்ஸோடு பின்னாலேயே வந்தார். முன்னால் பரீதின் ஆட்டோ நடை வேகத்தில். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். “ஐந்துபுளி அம்மன் மேலகரத்துக்கு வாரா. வழி விடுங்க” என்று சொன்னேன். 

கல்யாணமான பதினாறு வருஷத்தில் மூச்சு முட்டுது என்ற வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அம்மனா, அவரா? கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மார்ச் 23, திங்கள்

மண்டபத்தில் பெண் வீட்டார் அறை எங்களுக்கு. நல்ல காற்று. டாக்டரம்மா எல்லோரையும் பார்த்தார். இவர் மட்டும் பந்தல் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

கொடை நடந்தது. மண்டபத்து வாசலில் பந்தல், வாடகைப் பாத்திரத்தில் பொங்கல். மேலகரத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள், கூட்டத்துக்குக் குறைவில்லை. இவர் ஆடினார். மாமனார் மாதிரி நீளமாக இல்லை, அண்ணாச்சி நேரம் பார்த்து மேளத்தை அடக்கச் சொல்லிவிட்டார். ஆனால் நன்றாக ஆடினார். பக்கத்தில் நின்ற பெண்களிடம் எங்க வீட்டுக்காரர் என்று நானாகவே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

தீ அணைந்தது. நேற்று சாயங்காலம் பெய்த மழையும் கைகொடுத்தது. ஏழு மணிக்குச் சொன்னேன்: “மலையில தீ இல்ல. ஐந்துபுளிக்காரங்க வீட்டுக்குப் போகலாம்.” தெருவில் கைதட்டினார்கள். சார் தேநீர் வாங்கித் தந்தார்.

மார்ச் 29, ஞாயிறு

மூன்று நாளாகச் சாம்பல் கழுவுகிறோம். பானைக்குள்ளே, அரிசி டப்பாவுக்குள்ளே, எங்கேதான் போகவில்லை! இன்று பரண். இவர் மேலேயிருந்து துடைத்துத் துடைத்துப் பாத்திரத்தைத் தர, நான் கீழே நின்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அண்டாவை நீட்டப் போனவர் அதைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டு மெதுவாக இறங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் வாசலில்தான் நிற்கிறார்கள், எல்லாம் காதில் விழும்.

“ஆனந்தி, எனக்கு மூச்சு முட்டுது. டாக்டர்ட்டப் போவமா?”

மேளமில்லை, சாமியில்லை. அவராகவே சொன்னார்.

 கையைக் கழுவிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தேன்.