மச்சான் கொடுத்த ரத்தம்

12, செவ்வாய்

காலையில் தூறல். ஜன்னலோரப் படுக்கை. சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாகத் தெரிகின்றன. எதிலும் நான் இல்லை. சந்தோஷம்தான்.

ரத்தத்தில் ஹெச்.பி. 5.8; பதிமூன்றாவது இருக்க வேண்டுமாம். முட்டிவலிக்கு மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கிய மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளுக்குள் ரத்தம் கசிகிறதாம். மலம் கறுப்பாகப் போனதை நாவல்பழக் கணக்கில் எழுதியிருந்தேன். படியேறினால் மூச்சு வாங்கியதை வயதுக் கணக்கில்.

டாக்டர்: இரண்டு பை ரத்தம் ஏறினால்தான் எண்டோஸ்கோபி. குழாய் விட்டுப் பார்த்தால்தான் கசிவு நின்றதா என்று தெரியும். அதுவரை பாத்ரூமுக்குக்கூடத் தனியாக நடக்கக் கூடாது. "ஹார்ட் இப்பவே ஓவர்டைம் பாக்குது சார். ரொம்ப நாள் பாக்காது." ஓவர்டைம் என்றால் எல்லோருக்கும் புரிகிற ஊர்.

ஒப்புதல் படிவம். முழுவதும் படித்தேன். சிஸ்டர் பொறுமையாக நின்றார். காய்ச்சல் வரலாம், அரிக்கலாம், அபூர்வமாகப் பெரிய கோளாறும் வரலாம். வேறு வழி உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். "இரும்புச் சத்து இருக்கு. அது வேலை செய்ய வாரக்கணக்கு ஆகும். உங்களுக்கு அவ்வளவு டைம் இல்ல." கையெழுத்து.

வீட்டிலிருந்து வேண்டியவை: சார்ஜர், கண்ணாடிக் கூடு, துண்டு, படிக்க ஏதாவது. என் மனைவி சரோ கொண்டுவந்தது: துண்டு, பஞ்சாங்கம்.

13, புதன்

மழை இல்லை. இட்லி கல் மாதிரி.

ரத்த வங்கியில், முடிந்தால் வீட்டு ஆள் யாராவது ரத்தம் கொடுங்கள் என்றார்களாம். சரோ நேற்றே தன் தம்பி மாதையனுக்கு போன் போட்டுவிட்டாள். காலையில் அவன் ஊர் கல்லாவியிலிருந்து வேனில் நாலு பேர். ஒருவன் போன மாதம்தான் பச்சை குத்தியவன்; ஒரு வருஷம் ஆக வேண்டுமாம். பெண்டாட்டி பெயர், யாரும் திட்ட முடியவில்லை. ஒருவருக்குப் போன வாரம்வரை காய்ச்சல். ஒருவர் ஊசியைப் பார்த்ததும் டீ குடிக்கப் போனார்; இன்னும் குடிக்கிறார். தேறியது மாதையன் மட்டும். அவனும் பி பாசிட்டிவ், என்னைப் போல. கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் கண்ட முதல் ஒற்றுமை.

மத்தியானம் பை வந்தது. இரண்டு சிஸ்டர்கள். ஒருவர் பையைப் படிக்க, மற்றவர் என் கைப்பட்டையைப் பார்க்க.

"பேர் சொல்லுங்க."

"காலையில சொன்னேனேம்மா."

"திரும்பச் சொல்லுங்க சார். நாங்களே உங்க பேரச் சொல்லிக் கேட்டா, தூக்கக் கலக்கத்துல யாரானாலும் ஆமாம்பாங்க."

கோவிந்தராஜ் என்றேன். பக்கத்துப் படுக்கை ராயக்கோட்டைத் தக்காளி வியாபாரி, "நானும் கோவிந்தராஜ்தான்" என்றார். அவர் ஏ பாசிட்டிவ். அதன்பின் என் பெயரை எத்தனை முறை கேட்டாலும் சந்தோஷமாகச் சொல்கிறேன்.

குரூப், பை நம்பர், காலாவதி தேதி, என் ரத்தத்தோடு சேரும் என்று காட்டும் குறுக்குப் பொருத்தச் சீட்டு. கம்பெனியில் போல்ட்டுக்கு நாங்கள் செய்வது. ரத்தத்துக்கும் உண்டு என்பதில் குவாலிட்டிக்காரனுக்கு ஒரு நிம்மதி.

"அரிப்பு, குளிர், மூச்சுத் திணறல், முதுகு வலி, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கறது, எதுவானாலும் உடனே கூப்பிடணும்." சிஸ்டர் முதல் கால்மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். ஒன்றுமில்லை. அடுத்த படுக்கைக்குப் போனார்.

அந்த இடத்துக்கு மாதையன் வந்தான். மோட்டார் போட்டு வயலுக்குத் தண்ணீர் விட்டவன் மாதிரி பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நம்முது போகுதா மாமா?"

"போகுது மச்சான்."

"தெம்பு தெரியுதா?"

தெரிந்தது அரிப்பு. முதலில் கழுத்தில், பிறகு முதுகில். ஆனால் கூப்பிடுவது எப்படி? அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நான் இரண்டாம் முறை பாயசம் வேண்டாம் என்றது இன்னும் பேசப்படுகிறது. ரத்தமே சேரவில்லை என்றால் எத்தனை காதுகுத்துக்கு ஓடும்? சும்மா இருந்தேன். தலையணையில் முதுகை நைசாகத் தேய்த்தேன்.

"என்னங்க பண்றீங்க?" சரோ.

"ஒண்ணுமில்ல."

சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்; முதுகெல்லாம் தடிப்பு. அப்புறம் வார்டு முழுக்கக் கேட்டது அவள் குரல்.

சிஸ்டர் வந்ததும் முதல் வேலையாகக் குழாயை மூடினார். "எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பத்தான்."

"அவருக்கு எல்லாமே இப்பத்தான்" என்றாள் சரோ.

டாக்டர், பிரஷர், சுரம், பையையும் பெயரையும் மறுபடி ஒத்துப்பார்த்தல், ஒரு ஊசி. பக்கத்து கோவிந்தராஜின் மனைவி எட்டிப் பார்த்து, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் விசாரித்தார். சரோ தெலுங்கில் பதில் சொன்னாள். மாதையன் மட்டும் தமிழில் வாடிப்போய் நின்றான்.

"என் ரத்தத்துல கோளாறா சிஸ்டர்?"

"உங்களுது இல்லண்ணா இது."

"காலையிலதான குடுத்தேன்?"

"காலையில குடுத்தத மத்தியானம் ஏத்திடுவோமா? மஞ்சக்காமாலை, ஹெச்.ஐ.வி., மலேரியா எல்லாம் பாக்கணும். அப்புறம் பிரிச்சு வெச்சு, யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்குப் போகும். ரெண்டு மூணு பேருக்குக்கூடப் போகலாம். சொந்தக்காரங்க ரத்தம்னா ஒசத்தின்னு ஒண்ணும் இல்ல."

மாதையன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அப்ப இது யாரோடது?"

"தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"இல்ல, எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு…"

கேள்வி எங்கே போகிறது என்று வார்டுக்கே புரிந்தது. தக்காளி வியாபாரிகூட நிமிர்ந்தார்.

சிஸ்டர் பையைத் திருப்பி நிதானமாகப் படித்தார். "பி பாசிட்டிவ்ண்ணா. அவ்வளவுதான் எழுதியிருக்கு."

14, வியாழன்

வெயில். நன்றாகத் தூக்கம்.

நேற்று தடிப்பு அடங்கியதும் அதே பையை மெதுவாக விட்டு முடித்தார்கள். டாக்டர் காலையில்: லேசான அலர்ஜிதான், பலருக்கும் வரும். அதே அரிப்பு பெரிய கோளாறின் ஆரம்பமாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்து யாருக்கும் தெரியாது. இனி எங்கே ரத்தம் ஏற்றினாலும் முன்கூட்டியே இதைச் சொல்ல வேண்டும்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"குவாலிட்டி. குறை தெரிஞ்சா யாரையும் கேக்காம லைன நிறுத்துன்னு பசங்களுக்கு க்ளாஸ் எடுப்பேன்."

டாக்டர் சரோவைப் பார்த்தார். சரோ என் முதுகைப் பார்த்தாள்.

இரண்டாவது பை. போன வாரத் தேதி; இதுவும் மாதையனுடையது இல்லை. முன்னாலேயே ஒரு ஊசி. இம்முறை மூக்கு அரித்ததைக்கூடச் சொன்னேன். அது போர்வை.

கன்னத்தில் கொஞ்சம் நிறம் என்கிறாள் சரோ. கண்ணாடி பார்த்தேன். அதே ஆள். யாரோ ஒருவர் பெஞ்சில் படுத்துக் கை நீட்டி, பிஸ்கட் சாப்பிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். நான் உட்கார்ந்து வெண்பொங்கல் சாப்பிடுகிறேன். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்தபடி தூங்கிவிட்டேன்.

15, வெள்ளி

ஹெச்.பி. 7.9. காலையில் எண்டோஸ்கோபி. தொண்டை எரிச்சல். புண் இருக்கிறது, கசிவு நின்றுவிட்டது. நாளை வீடு. முட்டிவலி மாத்திரை ஜென்மத்துக்கும் கிடையாது. முட்டிவலி உண்டு.

பாத்ரூமுக்கு நானே நடந்தேன். மூச்சு வாங்கவில்லை. திரும்பவும் ஒரு முறை நடந்தேன், சும்மா.

மாலையில் மாதையன், ஒரு சாக்கு இளநீரோடு. நேரே என்னிடம் வரவில்லை. வாசல் படுக்கையிலிருந்து ஆரம்பித்தான். ஒவ்வொருவரிடமும் நலம், ஊர், ரத்தம் ஏறியதா, எப்போது ஏறியது, புதனுக்கு அப்புறமா. ஏறியவர்களுக்கு இரண்டு இளநீர். தக்காளிக்காரரின் தலையணையைச் சரிசெய்தான். எதிர்ப் படுக்கைப் பையனின் தலையைத் தடவி, நல்லா சாப்பிடணும் என்று அதட்டினான். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை; எல்லோரும் குடித்தார்கள்.

என்னிடம் வரும்போது சாக்கு காலி.

"உங்களுக்குத்தான் நம்முது ஏறலையே மாமா" என்றான்.