பஞ்சருக்கு வீடு பார்த்த கதை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுறேன். முட்டிவலி ஒண்ணைத் தவிர எனக்குக் குறை ஒண்ணும் இல்ல, நீயும் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லாம நல்லபடியா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் பேனாவை எடுத்தேன். கவர்ல என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறியிருப்ப, யாருக்கும் ஒண்ணும் ஆகல. அம்மா அக்கா வீட்டுல சௌக்கியம், ரெட்டைக் குழந்தைங்கள்ல ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிச்சுக்குதாம், அம்மாவுக்குத் தலை சீவக்கூட நேரமில்லையாம், ஆனா குரல்ல ஒரே சந்தோஷம். அவ போய் ஏழு மாசம் ஆச்சு, இன்னும் நாலஞ்சு மாசம் ஆகும்னு நினைக்கிறேன். போன்ல பேசாம இதென்ன கடிதம்னு கேப்ப. போன்ல நாம ரெண்டு பேரும் என்னத்தப் பேசுறோம், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேலை எப்படி, போகுது, இரு அம்மாகிட்ட குடுக்குறேன், அவ்வளவுதானே. இப்ப குடுக்குறதுக்கு அம்மாவும் இல்ல. போன மாசம் நீ கூப்பிட்டப்ப முழுசா ஒரு நிமிஷம்கூட ஓடல, வச்சதுக்கு அப்புறமும் போனைக் காதுலயே வச்சுக்கிட்டு நின்னேன்.

சமையல் பரவாயில்ல, ரொட்டி, முட்டை, பால், ஞாயித்துக்கிழமை மட்டும் சோறு. உப்பு போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்து ரெண்டு தடவை போட்டுடுறேன், நல்லா இல்லைன்னு சொல்ல ஆள் இல்லாததால அதுவும் உள்ள போயிடுது. டிவியை முன்னறையில போட்டுவிட்டுட்டு நான் சமையலறையில உக்காந்திருப்பேன், யாரோ பேசுற மாதிரி இருக்கும். சரி, என் புலம்பலுக்காக இதை எழுதல, ஒரு நாயைப் பத்தி எழுதத்தான் உக்காந்தேன். அம்மா பாதி சொல்லியிருப்பா, மீதியை நான்தான் சொல்லணும்.

நம்ம பஸ் டிப்போவுல டயர் செக்‌ஷனுக்குப் பின்னாடி, சுவரை ஒட்டி ஒரு பழைய இரும்புக்கடை இருந்துச்சே ஞாபகம் இருக்கா, அந்தக் கடைக்காரன் அஞ்சு மாசத்துக்கு முன்னாடி வாடகைத் தகராறுல ராவோடு ராவா இடத்தைக் காலி பண்ணிட்டான். சட்டி பானை வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போனவன் காவலுக்குக் கட்டியிருந்த நாயை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான். எங்களுக்குத் தெரியாது. காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஓடுறப்ப ஒண்ணும் கேக்காது, நிறுத்தினா எங்கேயோ கதவு கிறீச்சிடுற மாதிரி ஒரு சத்தம். மூணாம் நாள்தான் வெல்டர் ஏணி போட்டு எட்டிப் பார்த்து, அண்ணே வாங்க, இதைப் பாருங்கன்னு கத்தினான். கழுத்துல கம்பியைச் சுத்திக் கட்டியிருந்தான், கம்பி தோலுக்குள்ளேயே போயிருந்துச்சு, தண்ணிச் சட்டி காஞ்சு கிடந்துச்சு. நான்தான் இறங்கிக் கட்டரால வெட்டினேன். வெட்டி முடியுற வரைக்கும் சும்மா இருந்துச்சு, முடிஞ்சதும் என் கையைக் கடிச்சுட்டு லாரி டயர் அடுக்குக்குள்ள ஓடிப் போச்சு. ஊசி போட்டுக்கிட்டேன், பயப்படாத. பெட்டை, செம்மண் கலர், பின்னங்கால் ஒண்ணைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்கும். டயர் செக்‌ஷன்காரங்க வேற என்ன பேர் வைப்பாங்க, பஞ்சர்னு வச்சுட்டாங்க. நாலு நாள் பழைய பஸ்ஸுக்குள்ள வச்சு பால் ஊத்தினோம், அஞ்சாம் நாள் ஸ்டோர்கீப்பர் பேன்ட்டைக் கிழிச்சுடுச்சு, மேனேஜர் சாயங்காலத்துக்குள்ள நாய் பிடிக்கிற வண்டிக்காரனை வரச்சொல்லிப் பிடிச்சுக்குடுன்னுட்டார். பிடிச்சுக்கிட்டுப் போற நாய் திரும்பி வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க, வீட்டுல ஆள் இல்லாதவன் நான் ஒருத்தன்தானே. அம்மாகிட்ட போன்ல சொன்னதுக்கு, நான் இந்தப் பக்கம் வந்ததும் எனக்குப் பதிலா ஒருத்தியைக் கொண்டு வந்துட்டீங்களான்னு சிரிச்சா.

வீட்டுக்கு வந்த அன்னைக்கு உன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்தது, நாலு மாசமும் அதுதான் அதுக்கு இடம். நான் தட்டை வச்சுட்டுத் திரும்பி நின்னாத்தான் சாப்பிடும், திரும்பிப் பார்த்தா நிறுத்திடும். ரெண்டாவது வாரம் ஒரு காலையில வேலைக்குக் கிளம்ப பெல்ட்டைக் கையில எடுத்தேன், கொக்கி லேசா சத்தம் போட்டுச்சு, அவ்வளவுதான், கட்டிலுக்கு அடியில இருந்தே மூத்திரம் ஓடி வந்துச்சு. ஒரு சின்ன முனகல்கூட இல்ல, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு உடம்பைச் சுருட்டிக்கிட்டு, அடி எப்ப விழும்னு காத்துக்கிட்டிருக்கு. கால்நடை டாக்டர்கிட்ட கேட்டேன், சின்னப் பொண்ணுதான், அவ தொட்டா ஒண்ணும் பண்ணாது, அவ என்ன சொன்னான்னா, சார் இது ஆம்பளைங்களுக்குத்தான் பயப்படுது, உயரமான ஆளு, கனத்த குரல், பெல்ட்டு, இது மூணும் சேர்ந்தா அதுக்குப் பழைய எஜமான்தான், நீங்க என்ன நல்லது பண்ணினாலும் அதுக்குத் தெரியாதுன்னா. அதுல இருந்து பெல்ட்டை டிப்போ லாக்கர்லயே வச்சுட்டேன், டிப்போவுல ஸ்கூட்டரை விட்டு இறங்கினா, லாக்கர் வரைக்கும் பேன்ட்டை ஒரு கையால பிடிச்சுக்கிட்டுத்தான் போவேன். வெல்டர் விடுவானா, என்ன அண்ணே, அண்ணி ஊர்ல இல்லைன்னா இடுப்பே கரைஞ்சு போச்சான்னு கேட்டான். குரலைக் குறைச்சேன். தும்மல் வந்தா வாசலுக்கு ஓடினேன். நாலு மாசம், ஒரு தடவையாவது வந்து கையை மோந்து பார்க்குமான்னு தரையில உக்காந்து பார்த்தேன், வரல.

ஒரு நாள் மாடி வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா துணி காயப்போட இறங்கினவங்க, உங்க நாய் ரொம்ப அழகு சார், பகல் பூரா ஜன்னல்கிட்ட வெயில்ல மல்லாந்து படுத்துக்கிட்டு வர்றவங்க போறவங்களை எல்லாம் பார்த்து வாலாட்டுதுன்னாங்க. நம்ம நாயா, வேற எதையாவது பார்த்திருப்பீங்கன்னேன். இல்ல சார், உங்க ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில கேட்டதும் எழுந்து உள்ள போயிடும், அதை வச்சுத்தான் நீங்க வர்றீங்கன்னு நானே தெரிஞ்சுக்குவேன்னு சொல்லிட்டு, சொன்னதும் அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, துணியை எடுத்துக்கிட்டு மேல போயிட்டாங்க.

நான் வாசப்படியிலயே உக்காந்துட்டேன். நீயும் அப்படித்தானே இருந்த. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் முன்னறையில சிரிச்சுக்கிட்டு இருந்தவன் புத்தகத்தை எடுத்துக்கிட்டு உள்ள போயிடுவ, நான் வர்றப்ப வீடு சுத்தமா, அமைதியா இருக்கும், அப்பான்னா பையனுக்கு எவ்வளவு மரியாதை பாருன்னு அம்மாகிட்ட பெருமையா சொல்லுவேன். அவ எழுந்து சாப்பாடு எடுத்து வைக்கப் போயிடுவா. எதுல இருந்து அப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துட்டேன். ஒன்பதாவது படிக்கிறப்ப ஒரு நாள் நீ டிப்போவுக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து குடுத்துட்டு, ஓரமா நின்ன பஸ்ஸுல ஏறி பிரேக்கை எடுத்துவிட்ட, பஸ் உருண்டு போய்ச் சுவத்துல இடிச்சுது, மேனேஜர் நாலு பேர் முன்னாடி என்னைக் கேட்டார், நான் அந்த நாலு பேர் முன்னாடியே பெல்ட்டைக் கழட்டினேன். நீ அழவே இல்ல. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நின்ன. பஸ்ஸுக்கு லைட்டுதான் உடைஞ்சுது, மறுநாளே மாத்திட்டோம். இத்தனை வருஷத்துல அதைப் பத்தி நீயும் பேசல நானும் பேசல. மன்னிச்சுடுன்னு எழுதி ரெண்டு தடவை அடிச்சுட்டேன், இந்தத் தடவை அடிக்காம விடுறேன். மன்னிச்சுடுப்பா. தப்பு என் மேலதான், பஸ்ஸு மேலயும் இல்ல உன் மேலயும் இல்ல.

அதுக்கப்புறம்தான் அதுக்கு வேற வீடு பார்க்கணும்னு தோணுச்சு. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட இவ்வளவு அலையல. முதல்ல குண்டு கண்டக்டர் வீட்டுல கேட்டாங்க, குழந்தைங்க ஆசைப்படுதுன்னு. நாலாம் நாளே கொண்டு வந்து விட்டுட்டார், சோபாவுக்குப் பின்னாடி போனது வெளிய வரல, அவர் மச்சான் குச்சி விட்டுக் குத்தியிருக்கான், அவன் விரலைப் பதம் பார்த்துடுச்சு. அப்புறம் ஒரு கோழிப்பண்ணைக்காரர், நல்ல சாப்பாடு, ஏக்கர் கணக்குல இடம்னார். ஸ்கூட்டர்ல கூடை கட்டிக் கொண்டு போனேன், கேட்டுக்கிட்ட ஒரு கல்தூணு, தூணுல புதுச் சங்கிலி. எதுக்குங்க இதுன்னேன். நாய்க்குத்தான், அவிழ்த்துவிட்டா அதுக்கு எப்படிக் கோவம் வரும், கோவம் வரலைன்னா எப்படிக் காவல் காக்கும்னார். தண்ணிகூடக் குடிக்காம வண்டியைத் திருப்பிட்டேன்.

மூணாவதா வந்தது, நம்ம டிப்போவுக்கு சீட் கவர் தைச்சுக் குடுக்குற அம்மா. அளவெடுக்க வந்தவங்க வெல்டர் சொல்லக் கேட்டுட்டு, நான் ஒரு தடவை பார்க்கலாமான்னாங்க. அவங்களும் அவங்க நாத்தனாரும் மட்டும் இருக்குற வீடு, முன்னறையில ரெண்டு தையல் மெஷின். நம்ம வீட்டுக்கு வந்தும் நாய் பக்கம் திரும்பவே இல்ல, தரையில உக்காந்து பையில இருந்த பழைய ரெக்ஸின் துண்டை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் சமையலறைக் கதவு இடுக்குல நின்னேன். ஒரு அரைமணி நேரம் இருக்கும், கட்டிலுக்கு அடியில இருந்து மூக்கு வந்துச்சு, அப்புறம் தலை, அப்புறம் வயித்தைத் தரையில தேய்ச்சுக்கிட்டே ஊர்ந்து வந்து அவங்க முழங்கால்ல தாடையை வச்சுப் படுத்துக்கிச்சு. அவங்க பிரிக்கிறதை நிறுத்தல. பேர் என்ன சார்னாங்க, சொல்ல வெக்கமா இருந்துச்சு, பஞ்சர்னேன், மன்னிக்கணும், பசங்க வச்சதுன்னேன். நல்ல பேருதானே சார், பஞ்சர்னா என்ன, ஒட்டிட்டா ஓடும்னாங்க. பெல்ட்டு விஷயத்தைச் சொன்னேன், சொல்லாம குடுக்கக் கூடாதில்ல. கேட்டுட்டுத் தலையை நிமிர்த்தாம, எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருந்தாரு சார், அந்தச் சத்தம் எனக்கும் தெரியும், இப்ப அவர் இல்லன்னாங்க. என்னால அவங்க முகத்தைப் பார்க்க முடியல, பாலைச் சூடு பண்றேன்னு உள்ள போயிட்டேன்.

உண்மையைச் சொல்லணும்னா குடுக்க மாட்டேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உங்கம்மாகூட அதுக்கு முந்தின நாள்தான் போன்ல, வேணும்னா வச்சுக்கோங்க, நான் வந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன், தனியா கிடக்குறீங்கன்னா. கட்டிலுக்கு அடியிலயே கிடந்தாலும் வீட்டுல இன்னொரு மூச்சுச் சத்தம் இருக்கு, அதுக்கே பழகிட்டேன். ஆனா எனக்குத் துணை வேணும்னு அது காலம் பூரா நடுங்கிக்கிட்டுக் கிடக்கணுமா, அப்புறம் எனக்கும் கோழிப்பண்ணைக்காரருக்கும் என்ன வித்தியாசம். லீவு நாள் காலையில வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. கயிறுகூடக் கட்டல, அவங்க சேலை ஓரத்தை மோந்துக்கிட்டே நொண்டி நொண்டிப் போச்சு. திரும்பிப் பார்க்குமான்னு நின்னேன், பார்க்கல, தெருமுனையில கம்பத்தை மோந்து பார்த்துட்டு அவங்க பின்னாடியே திரும்பி மறைஞ்சுடுச்சு. உள்ள வந்து தட்டைக் கழுவினேன், கட்டிலுக்கு அடியில கூட்டினேன், ஒரு கைப்பிடி செம்மண் கலர் முடி இருந்துச்சு. அன்னைக்கு டிவி போடல.

ரெண்டு வாரம் கழிச்சு, சீட் அளவு குடுக்கணும்னு ஒரு சாக்கை வச்சுக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். ஸ்கூட்டரைத் தெருமுனையிலயே நிறுத்திட்டு நடந்து போனேன். கதவு திறந்திருந்துச்சு, ரெண்டு மெஷினும் கடகடன்னு ஓடுது, நடுவுல துணிக் குவியல் மேல படுத்திருக்கு, கழுத்துல காயம் ஆறி முடி முளைச்சிருக்கு. என்னைப் பார்த்ததும் காது பின்னாடி போச்சு. நாத்தனார் மெஷினை நிறுத்திட்டு வாங்க சார் உள்ளன்னாங்க, நான் வேண்டாம் இங்கயே இருக்கேன்னு படியில உக்காந்தேன். அது என்னையே பார்த்துச்சு, அப்புறம் அந்தம்மா காலைப் பார்த்துச்சு, அப்புறம் பெருமூச்சு ஒண்ணு விட்டுட்டுத் தலையைத் தரையில வச்சுப் படுத்துக்கிச்சு. வரல. ஆனா எழுந்து ஓடவும் இல்ல. எனக்கு அது போதும்னு இருந்துச்சு, அளவுக் காகிதத்தைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

இதுக்கு மேல எழுதினா முட்டியோட விரலும் சேர்ந்து வலிக்கும். கடைவாய்ப் பல்லு வலிக்குதுன்னு அம்மாகிட்ட சொன்னியாம், தள்ளிப் போடாத, டாக்டரைப் பார்த்துடு. நீ இருக்குற அறையில ஹீட்டர் சரியா இல்லைன்னும் கேள்விப்பட்டேன், வீட்டுக்காரர்கிட்ட தயங்காம கேளு. நல்லா தூங்கு, நல்ல மனுஷங்க உன்னைச் சுத்தி இருக்கட்டும், கைவச்ச காரியம் எல்லாம் துலங்கட்டும், நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். இதுக்குப் பதில் எழுதியே ஆகணும்னு இல்ல. அடுத்த தடவை கூப்பிடுறப்ப பேச ஒண்ணும் இல்லைன்னாலும் உடனே வச்சுடாத, சும்மா ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் இரு, நான் இந்தப் பக்கம் இருக்கேன்.

என்றும் உன் நினைவோட,
அப்பா