கிரீடம் கிடைப்பதற்கு முன்

அன்பு மகனுக்கு,

நான் ஃபோன் கோல் எடுத்தால் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். அம்மா சுகம். வாவியில் இந்த மாதம் இறால் குறைவு.

பெரிய வெள்ளி அன்று இயேசுவின் பாடுகளின் வாசகத்தில், அவரை விசாரித்த பிலாத்துவின் பங்கு வழக்கம்போல எனக்குத்தான். உண்மை என்ன என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவன் வெளியே போகிறான்.

கிறிஸ்து அரசர் சுருவத்தின் தலையிலிருந்த கிரீடம் காணாமல் போன அன்று, கோயிலைப் பூட்டும் திறப்பு உன்னிடம் இருந்தது என்பதற்காக, சனம் முழுக்கப் பார்த்திருக்க நானும் உன்னிடம் அப்படித்தான் கேட்டேன். "நான் எடுக்கல்லப்பா" என்று நீ சொல்லி முடிக்குமுன் படியிறங்கிவிட்டேன்.

சுருவம் இன்னும் வெறுந்தலையோடுதான் நிற்கிறது. அதற்காக அவர் அரசர் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, முன்போலவே முழந்தாளிடுகிறார்கள். என் பிள்ளையிடம் மட்டும்தான் நான் அத்தாட்சி தேடினேன்.

அடுத்த வருஷத்துக்கும் அதே பங்கா என்று பாதர் கேட்டார். "வேற ஆளப் பாருங்க பாதர். நான் அத என்ட பிள்ளையிட்டயே செஞ்சு முடிச்சிட்டன்" என்றேன்.

நீ எடுக்கவில்லை, மகன். கிரீடம் கிடைப்பதற்கு முன்பே இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அப்பா