வடக்குப் புஞ்சைப் பனை

நவம்பர் 24, 2025

காலை ட்ரிப்பில் கூட்டம் இல்லை. எட்டயபுரத்தில் ஏறிய கல்லூரிப் பையன் ஒருவன் கை நீட்டியபோது அருண் மாதிரியே கட்டைவிரலை மடக்கிக்கொண்டான். அவனுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டேன். "ஒண்ணுதான் கண்டக்டரே" என்றான்.

சுப்புத்தாய் இன்றும் பின்வாசலைத் திறக்கவில்லை. திறந்தால் நேரே எங்கள் வடக்குப் புஞ்சை. நடுவில் அந்தப் பனை. போன மாதம் மழைக்கு அதன் அடியில் ஒதுங்கிய எங்கள் பிள்ளை மேல்தான் மின்னல் இறங்கியது. வாசலில் நின்று, "ஏலே அருணு, ஓடியா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள். அவள் கண்ணெதிரே.

சாப்பாடு வைக்கும்போது சொன்னாள்: "அத வெட்டிப்போடுங்க."

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு.

நவம்பர் 26

மச்சினன் உக்கிரபாண்டி வந்தான். சொந்தமாக ஜேசிபி வைத்திருக்கிறான். "நாளைக்கே சாச்சுப்புடுவோம் அத்தான்."

பனையை வெட்டினால் கேஸ் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது நினைவு வந்தது. சொன்னேன்.

"நம்ம பட்டா, நம்ம மரம். எவன் கேப்பான்?"

வீட்டோரத்து வேம்பை யாரையும் கேட்காமல்தான் வெட்டினோம். பனைக்கு மட்டும் என்ன? எனக்கும் தெரியவில்லை. விசாரித்துவிட்டு வெட்டுவோம் என்றேன். உள்ளே சுப்புத்தாய் பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தம்.

நவம்பர் 28

லீவு போட்டுவிட்டு வி.ஏ.ஓ. ஆபீஸ் போனேன். சுந்தரேஸ்வரி என்று ஒரு பெண்தான் இப்போது இருக்கிறார். சின்ன வயது. பிள்ளை இறந்தபோது துட்டி கேட்க வந்திருந்தவர், என்னைத் தெரியும்.

"பனைன்னா சும்மா வெட்ட முடியாது அண்ணாச்சி. கலெக்டர் அனுமதி வேணும். சொந்தப் பட்டாவா இருந்தாலும்தான்."

"அது பட்டுப்போச்சும்மா. மட்டையெல்லாம் கருகித் தொங்குது."

"பட்டதுதானான்னு நாங்க வந்து பாத்து எழுதணும். மனுவுல காரணம் என்னன்னு எழுதப்போறீங்க?"

பேனா மூடியைத் திறந்து மூடினேன். அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "மரத்துல மின்னல் விழுந்துச்சுன்னு எழுதுங்க. அது போதும்."

எழுதினேன். 'மின்னல் தாக்கியதில் என் மரம்'. அன்றைக்கு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததும் இதே கைதான், இதே வார்த்தைதான். 'மின்னல் தாக்கியதில் என் மகன்'. கடைசி இரண்டு எழுத்துதான் வேறு.

நவம்பர் 29

"ஒங்களுக்குப் புள்ளைய விட சட்டம் பெருசாப் போச்சா?" என்று கேட்டாள்.

அப்படி இல்லை சுப்பு. கேட்காமல் வெட்டினால் விசாரணை என்று வருவான். ஏன் வெட்டினே என்பான். அருண்பாண்டியன் யாரு, ஒம் மகனா என்பான். நான் ஆமாம்னு சொல்லணும். இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாதுட்டி — இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலை?

டிசம்பர் 7

மகள் ஜெயப்பிரியா வந்து அவளைப் புதியம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே மகள் கம்பெனிக்குச் சட்டை தைக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்தாலாவது அம்மாவுக்கு மனசு மாறும் என்கிறாள்.

ஆட்டோவில் ஏறிய பிறகு சுப்புத்தாய் சொன்னாள்: "மரம் போன பெறவு சொல்லுங்க. வாரேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 19

மரத்தைப் பார்க்க யாரும் வரவில்லை.

ஜனவரி 4, 2026

பாசிப்பயறு பறிக்க ஆள் விட்டேன். பனையைச் சுற்றி ஒருவரும் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்த இடத்துப் பயறை நானே பறித்தேன்.

ஜனவரி 9

உக்கிரபாண்டி மறுபடி வந்தான். "அடியில தீய வச்சிருவோம். தானா விழுந்திரும். காத்துல விழுந்துச்சுன்னு சொல்லிக்கிடலாம். அக்காவும் வீட்டுக்கு வந்திருவா."

அக்கா வந்துவிடுவாள் என்றதும் எனக்கும் ஆசை வந்தது. அவனோடு புஞ்சைக்கு நடந்தேன். மரத்தில் உச்சியிலிருந்து தூர் வரைக்கும் ஒரு கறுப்பு வெடிப்பு. அவன் சருகைக் கூட்டி வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தான். அந்த உரசல் சத்தம் கேட்டதும் சருகைக் காலால் தள்ளிவிட்டேன்.

"வேண்டாம்ல. இங்கன தீயே வேண்டாம்."

குச்சியை ஊதி அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஜனவரி 22

வந்தார்கள். ஆர்.ஐ. சாரும் சுந்தரேஸ்வரியும். மரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், கொண்டையை அண்ணாந்து பார்த்தார்கள். உயிர் இல்லை என்றார் ஆர்.ஐ. பிறகு செல்போனை எடுத்தார்.

"மரத்தோட சேந்து நில்லுங்க. ஓனரும் போட்டோவுல தெரியணும்."

"சார், அவரு தள்ளியே நிக்கட்டும்" என்று அந்தப் பெண் அவசரமாகச் சொன்னார். அதற்குள் நான் போய் நின்றுவிட்டேன். முதுகு மரத்தில் பட்டது. அவன் நின்ற இடம். அங்கே நின்று பார்த்தால் எங்கள் பின்வாசல் தெளிவாகத் தெரிகிறது. அப்படியென்றால் அம்மா கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

பிப்ரவரி 18

அனுமதி வந்துவிட்டது. வெட்டுகிற ஒன்றுக்குப் பதிலாகப் பத்துப் பனை வைக்க வேண்டுமாம். சுந்தரேஸ்வரி போனில் சொன்னார். "ஓடைக்கரையில வைங்க அண்ணாச்சி, வீட்டுலருந்து தெரியாது."

புதியம்புத்தூருக்குப் பேசினேன். சுப்புத்தாய், "சரி" என்றாள். பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 21

வெட்டியாயிற்று. உக்கிரபாண்டி தூரையும் தோண்டி எடுத்து, குழியை மூடி மட்டப்படுத்தினான். வேலை முடிந்ததும் வண்டியை விட்டு இறங்காமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதான். சாவு வீட்டில்கூட அழாதவன்.

பிப்ரவரி 27

இரண்டு நாளைக்கு முன் ஒரு மழை. அந்த ஈரத்தில் புஞ்சை முழுக்க உழுதுபோட்டேன்.

மார்ச் 1

சுப்புத்தாய் வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டு நேரே புஞ்சைக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். உழவுக்கட்டிகளுக்கு நடுவே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்கன கெடந்தான்?"

அன்றைக்கு அவளைக் கிட்டேயே விடவில்லை. ஆளாளுக்குப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளை விழுந்து கிடந்த இடத்தை இவள் பார்க்கவே இல்லை.

நான் வீட்டு மூலையைப் பார்த்தேன், ஓடையைப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே கறுப்பு மண். இங்கேயா? இன்னும் கொஞ்சம் அங்கேயா? தெரியலை. எனக்கே தெரியலை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கனதான்" என்று ஒரு இடத்தைக் காட்டினேன்.

உட்கார்ந்துவிட்டாள். கட்டிகளை உடைத்து, மண்ணைப் பிள்ளை முதுகைத் தடவுகிற மாதிரி தடவினாள். பிறகு சொன்னாள்: "ஒரு கல்லு எடுத்தாங்க."

வரப்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். அங்கே வைத்தாள்.

இனி அதுதான் இடம்.