சாமான் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு

என் உயிரான தங்கபாய் அக்காவுக்கு, உன் தம்பி மணியன் எழுதுவது.

உன் ஓராண்டு ஜெபத்துக்கு அச்சடிக்கும் சிறு புத்தகத்தில் குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் எழுத வேண்டும் என்று உன் மகள் ஷீபா சொன்னாள். எனக்கு மட்டும் மூன்று பக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு மூன்று பக்கமா என்று உன் கொழுந்தன்மார் முணுமுணுத்தார்களாம். பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை என்னைப்போல் கடிதம் எழுத ஆள் இல்லை என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்? நீ இதைக் கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "கொறைச்சுச் சொல்லு மக்கா." சரி, குறைத்துச் சொல்கிறேன். பாறசாலை முதல் பக்கத்து ஊரான காரோடு வரை.

நாங்கள் கப்பலுக்குப் போய்வந்தோம், அக்கா. உனக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். சொல்லக் கூசுவதும் இதுதான். நீ போய் ஒரு வருடம்கூட நிறையாமல், தை மாதத்தில், உனக்கென்று பேசிவைத்த கப்பலில் நீ இல்லாமல் ஏறினோம்.

இந்தப் புத்தகத்தை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வேனில் வந்தவர்கள். வேளாங்கண்ணி, கொடைக்கானல், மைசூர் என்று எத்தனை வருஷம் ஊரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். வழி தெரிந்தவன் நான், விசில் ஊதுகிறவன் நான், தலையை எண்ணுகிறவன் நான். ஆனால் நான் எண்ணி முடித்தாலும் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டான். பின் சீட்டில் சோறு வைக்கிற சருவத்துக்கும் அரிசிச் சாக்குக்கும் நடுவில் இருந்து உன் குரல் வர வேண்டும். "ஆச்சுலே, எடுக்கச் சொல்லு." அதன் பிறகுதான் வண்டி நகரும்.

அந்தப் பின் சீட்டுக்காரி எந்த ஊரில் எதைப் பார்த்தாள்? கொடைக்கானலில் நீ ஏரியைப் பார்க்கவில்லை, வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்தாய். மைசூரில் அரண்மனைக்கு வெளியே சாம்பாருக்குத் தாளித்தாய். நாங்கள் எல்லாரும் இறங்கிப் போகும்போது செருப்பையும் பையையும் உன் பக்கத்தில் போட்டுவிட்டு, அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நடந்தோம். திரும்பி வந்து சோறு தின்றுகொண்டே நான் உனக்குக் கதை சொல்வேன். ஏரி கடல் மாதிரி, அரண்மனைக் கதவு தங்கம், ராஜா சன்னல் வழியாக எனக்குக் கை காட்டினார். நீ குழம்பை ஊற்றிக்கொண்டே சிரிப்பாய். பார்க்காதவளுக்கு நான் காட்டிக்கொடுக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை. நீ ஏன் பார்க்கவில்லை என்று ஒரு நாளாவது கேட்டேனா?

கப்பல் பேச்சு வந்தது ஷீபாவின் மாப்பிள்ளை ஜோஸ் மஸ்கட்டிலிருந்து போன் பண்ணியபோது. கொச்சியிலிருந்து கப்பல், பகலில் ஒவ்வொரு தீவிலும் இறங்கிச் சுற்றலாம், சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும், சாப்பாடு தங்கல் எல்லாம் கப்பலிலேயே. எஸ்.டி.டி. பூத்தில் இருந்து நேரே உன் அடுக்களைக்கு ஓடி வந்தேன். நீ மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாய்.

"கப்பல்ல ஆரு சோறு வைப்பா?"

"கப்பல்காரனாக்கும்."

"அப்போ நான் அங்க வந்து என்னத்தச் செய்ய?"

"எறங்கிப் பாரு. அதுதான் வேல."

நீ உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாய். பிறகு, மணலில் நடக்க ஒரு செருப்பு வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாய். அடுத்த வாரமே களியக்காவிளைச் சந்தையில் போய் நீல வார் செருப்பு வாங்கி வந்தாய். அதைப் போட்டு நடக்கவில்லை. காகிதத்தோடு கட்டிலடியில் வைத்தாய். ஆடி மழையில் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனபோதும் அது காகிதத்தில்தான் இருந்தது.

தன் அம்மை இல்லாத கப்பல் வேண்டாம் என்று ஷீபா ஒரே பிடியாக நின்றாள். நான்தான் விடவில்லை. தீவுக்குப் போக அனுமதி வாங்க வேண்டுமே, அதற்காக நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தது உனக்குத் தெரியும். எஸ்.ஐ. எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார். சரி, பெஞ்சு காட்டினார். அந்த அனுமதி வீணாகிவிடும், ஜோஸுக்கு லீவு மறுபடி கிடைக்காது, அக்காவின் ஆசை இது என்று அடுக்கினேன். அத்தான் சுவரைப் பார்த்தபடி, "அவ ஆசப்பட்டதாக்கும், போவோம்" என்றார். ஷீபா அடங்கிவிட்டாள்.

அது உன் ஆசைதானா, அக்கா? ஜங்ஷன் சாயாக்கடையில் கேப்டன் என்னைக் கேட்காமல் நங்கூரம் எடுக்க மாட்டார் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். போகாமல் இருந்தால் அந்தக் கடையில் எப்படி முகம் காட்டுவது? உன் பெயரைச் சொல்லி என் ஆசையை ஏற்றினேனா? இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

ஏற்பாடு எல்லாம் என் தலையில். எனக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றுதானே. வேனுக்கு எடுக்கிற மாதிரியே எடுத்தேன். சம்பா அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, சருவம், கருவாடு, மாங்காய் ஊறுகாய் போட்ட பீங்கான் பரணி, வறுத்த ஏத்தங்காய் உப்பேரி இரண்டு டின், தண்ணீர்க் கேன், கட்டிச் சுருட்டிய பாய். கப்பல்காரன் சோறு போடுவான் என்று உனக்குச் சொன்ன அதே நான், உள்ளுக்குள் அவனை நம்பவில்லை. கொச்சித் துறைமுக வாசலில் காவல்காரர் அடுப்பை வெளியே எடுத்து வைத்து, இது கல்யாண வீடா கப்பலா என்று மலையாளத்தில் கேட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அடுப்பும் அரிசியும் கருவாடும் வேனோடு ஊருக்குத் திரும்பின. மற்றதெல்லாம் கப்பல் ஏறியது. வெற்றி என்றுதான் நினைத்தேன்.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல? நம்ம சர்ச்சுக் கோபுரத்தை அப்படியே படுக்கவைத்தால் எத்தனை நீளம், அதைப்போல் பத்து. சரி, நாலு. முதல் நாள் கவரத்தி. கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும், சின்னப் போட்டில் குதித்து இறங்க வேண்டும். கப்பலில் சாமானை விட்டுப்போனால் யார் பொறுப்பு என்று நான் எல்லாப் பையையும் கரைக்கு இறக்கச் சொன்னேன். ஜோஸ் சிரித்தான். நான் விசிலை ஊதினேன். விசில் ஊதினால் நம்ம ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கண்ணாடி அடித்தளம் வைத்த போட்டில் போனோம், அக்கா. காலுக்குக் கீழே பவளப்பாறை, பச்சையும் மஞ்சளுமாக மீன். ஒரு மீன் எங்கள் வேன் அளவு. இல்லை, வேன் கதவு அளவு. பார்க்கப் பார்க்க நான் உன்னை மறந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரு மணி நேரம் நீ என் நினைப்பில் இல்லவே இல்லை.

சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பும் போட்டில் ஏறியதும் தலையை எண்ணினேன். ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினேன். அப்போதும் குறைந்தது. பழக்கத்தில் உன்னையும் கணக்கில் சேர்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். போட்டுக்காரர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். அப்போது போட்டின் கடைசியில், பைகளுக்கு நடுவில் கீழே இருந்து ஒரு குரல்.

"ஆச்சு மாமா, எடுக்கச் சொல்லுங்க."

ஷீபா. அச்சு அசல் நீ. பைகளுக்குள் உட்கார்ந்திருந்ததால் என் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு உயிர் வந்தது. என் பெண்டாட்டி வசந்தாவிடம், அக்கா எங்கேயும் போகவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். அன்று சாப்பாட்டு மேசையில் ஷீபாவுக்கு மீன் கதை முழுவதும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "கொறைச்சுச் சொல்லுங்க மாமா" என்றாள். எனக்கு என்ன சந்தோஷம். அவள் ஏன் அந்தக் கதையைக் கேட்க வேண்டியிருந்தது என்று என் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த நாள் கல்பேனி. இடுப்பளவு தண்ணீரில் அத்தான் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அப்படியே நம்பு. திரும்பும்போதும் பின்னாலிருந்து ஷீபாவின் குரல், போட்டு நகர்ந்தது.

மூன்றாம் நாள் மினிக்காய். அங்கே ஒரு லைட் ஹவுஸ். ஜீப்பில் போய், ஏணி மாதிரி படி ஏறி, மேலே நின்றேன். இறங்கி, படகு ஜெட்டிக்கு மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட்டேன், போட்டை நிறுத்தி வைக்க வேண்டுமே. தென்னை நிழலில் ஷீபா உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பைகள், தண்ணீர்க் கேன், ஊறுகாய்ப் பரணி, பிள்ளைகளின் ஈரத் துணி, எங்கள் எல்லாருடைய செருப்பு. நிழல் நகர நகர அவளும் பைகளை நகர்த்தியிருக்கிறாள், மணலில் தடம் தெரிந்தது. அவள் காலில் உன் நீல வார் செருப்பு. அடியில் தேய்மானமே இல்லை.

நான் வாயைத் திறந்தது லைட் ஹவுஸ் கதை சொல்ல. மேலே நின்றால் இலங்கை தெரிகிறது என்று தொடங்கி, பாதியில் நின்றுவிட்டேன்.

"நீ ஏறல்லியா மக்கா?"

"சாமானு கெடக்குல்லா மாமா."

"கவரத்தியில கண்ணாடி போட்டுல?"

"அண்ணைக்கும் கெடந்துதே."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. உன்னை மாதிரியே, வெயிலில் முகம் சிவந்து, அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்பதுபோல் சொன்னாள். அக்கா எங்கேயும் போகவில்லை என்று இரண்டு நாள் முன்பு சந்தோஷப்பட்டேனே. உன்னைத் திரும்பக் கொண்டுவந்தேன், உண்மைதான். கொண்டுவந்து அதே சாக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

கடைசி ஜீப் மீதி ஆட்களைக் கூட்டிவர லைட் ஹவுஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துத் தூக்கி, போ என்றேன். நேரம் ஆகிவிட்டது மாமா, கப்பல் போய்விடும் என்றாள். போட்டுக்காரரும் "சமயமாயி" என்று கத்தினார். ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஊரை ஏசுகிற நான் சொன்னேன்.

"கப்பல் நிக்கட்டும். ஒனக்க அம்ம எத்தன வண்டிக்குக் காத்து நிண்ணா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஓடிப்போய் ஜீப்பில் ஏறினாள்.

நான் அந்தத் தென்னைக்கடியில் உட்கார்ந்தேன். என் ஜென்மத்தில் முதல் முறை சாமானுக்குக் காவல். அங்கே உட்கார்ந்தால் என்ன தெரியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். மற்றவர்களின் கால் தெரியும். யாரோ எதையோ பார்த்துச் சிரிக்கிற சத்தம் தூரத்தில் கேட்கும். எறும்பு உப்பேரி டின்னைத் தேடி வரும். எழுந்து போகவும் முடியாது. எத்தனை ஊரில் இப்படி இருந்தாய்? ஒரு தடவையாவது என்மேல் உனக்குக் கோபம் வந்ததா? வந்திருந்தால் அந்தச் சாம்பாரில் அது ஏன் தெரியவில்லை? போட்டுக்காரர் என்னைத் திட்டினார். மலையாளத்தில் நாலு, அவர்களுடைய மினிக்காய்ப் பாஷையில் நாலு. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நீ நம்ப மாட்டாய். அத்தானிடம் கேள், அவர் சாட்சி.

ஜீப் திரும்பி வந்தது. ஷீபாவின் முடி முழுக்கக் காற்று. எல்லாரும் போட்டில் ஏறினோம், நான் பைகளோடு கடைசியில் உட்கார்ந்தேன். எண்ணும் வேலையை ஜோஸிடம் கொடுத்தேன். அவன் எண்ணி முடித்து என்னைப் பார்த்தான். கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் உன் வார்த்தையைச் சொன்னேன். ஆச்சு, எடுக்கலாம்.

என்ன பார்த்தாய் என்று அவளிடம் கேட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்ட கேள்வி.

"மேல நிண்ணா நம்ம கப்பலு தீப்பெட்டி போல இருக்கு மாமா. தண்ணிக்கு எத்தன நீலம், எண்ணித் தீராது."

"தீப்பெட்டியா? கொறைச்சுச் சொல்லு."

"உள்ளதாக்கும்."

பிறகு கப்பல் வரும்வரை அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தடவை முகத்தைத் திருப்பி அழுதாள். நான் பார்க்காதவன் மாதிரி ஊறுகாய்ப் பரணியைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கண்ணீர் உனக்காகவா, மூன்றில் இரண்டு தீவை நான் தின்றுவிட்டேனே, அதற்காகவா? நான் கேட்கவில்லை. அவள் கண்ணாடிப் போட்டை இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பாரம் என்மேல்தான் இருக்கிறது.

ஊரில் எல்லாரும் சுகம். அத்தான் உன் கட்டிலை இடம் மாற்றவில்லை. ஜோஸ் மஸ்கட் போய்விட்டான். வரும் மாதம் வேளாங்கண்ணிக்கு வண்டி கிளம்புகிறது. சாமான் பக்கத்தில் இனி எந்தப் பெண்ணும் நிரந்தரமாக உட்கார மாட்டாள், இறங்குகிற ஊருக்கு ஒருவர் முறை. முதல் முறை எனக்கு, இரண்டாவது உன் கொழுந்தன்மாருக்கு. அவர்கள் இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். ஷீபாவுக்கு ஒருநாள் அந்த மீனைக் காட்டுவேன். வேன் கதவு அளவு இல்லை, உள்ளங்கை அளவுதான். அதைக் காட்டாமல் விட மாட்டேன்.

நீ இருக்கும் இடம் இதையெல்லாம்விட அழகான கரை என்று போதகர் சொல்கிறார். அங்கேயும் யாராவது ஒரு பையை நீட்டி, தங்கபாய், இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்பார்கள். வாங்காதே, அக்கா. இறங்கிப் போய்ப் பார். நான் வரும்போது நீ சொல்ல வேண்டும், நான் கேட்க வேண்டும்.

பின் சீட்டில் சருவத்துக்குப் பக்கத்தில் இருந்து,
உன் கூடப்பிறந்த தம்பி,
ஷீபாவின் மாமன்,
மணியன்