ஹோல்டான் சொன்ன அப்பாவுக்கு

கீரமங்கலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, போன ஐப்பசியில் எங்களையெல்லாம் வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போன என் அப்பாவுக்கு,

லீவில் வந்திருக்கிறேன். அம்மா சுகம். தென்னை இரண்டும் காய்த்திருக்கிறது. உங்களுக்கு ஒரு சேதி சொல்லியாக வேண்டும். மேலோகத்தில் எந்த விலாசத்துக்கு எழுதுவது? அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். உங்கள் பஸ் முதலாளி காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அவரும் படிக்கட்டும்.

சீனச் சண்டைக்குப் பிறகு நான் பட்டாளத்தில் அதிகாரியாகச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகு என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். எந்த ஊர், எந்தப் படை என்று எழுதக் கூடாது. வேலையை மட்டும் சொல்கிறேன். சண்டையில் எதிரி நம் ஆட்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பான். வேகமாக வரும் விமானிக்கு மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே புழுதிதான். கீழே ஒருவன் ஒயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்மாயைப் பார், அதன் வடகரையைப் பார், அங்கே ஒற்றை மரம், அதற்குக் கிழக்கே போடு என்று சொல்ல வேண்டும். பின்னால் பார்க்க முடியாத டிரைவருக்கு நீங்கள் வருஷக்கணக்காகச் சொன்னீர்களே, அதே வேலை. பஸ் கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

உங்களுக்கு அந்தச் சந்தை நாள் ஞாபகம் இருக்கிறதா? டிரைவருக்குக் காய்ச்சல் என்று முதலாளியே வண்டி ஓட்டினார். நான் காலேஜ் சிநேகிதர்களோடு முன்சீட்டில் ஜம்பமாக உட்கார்ந்திருந்தேன். கீரமங்கலத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நீங்கள் வா வா என்று சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று பஸ்ஸை இரண்டு தட்டுத் தட்டி “ஹோல்டான்” என்று கத்தினீர்கள். முதலாளி போட்ட பிரேக்கில் பாதிப் பேருக்கு நெற்றி வீங்கியது. இறங்கிப் பார்த்தால் வண்டிக்குப் பின்னால் ஆள் யாருமில்லை, ஒரு கிழிந்த பாய் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சந்தையே சிரித்தது. ஒரு மாதம் உங்களைப் பணிமனையில் டயர் கழுவ வைத்தார் முதலாளி.

எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும், ஒன்றுமில்லாததற்கு எதற்காக அப்படிக் கத்தினீர்கள் என்று சண்டை பிடித்தேன். நீங்கள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “ஒண்ணுமில்லன்னு எறங்கிப் பாத்த பொறவுதானடா தெரிஞ்சுச்சு. இருந்திருந்தா?”

நான் விறுக்கென்று வெளியே போய்விட்டேன். நாலு நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. என்ன திமிர் எனக்கு!

இனி பயிற்சியின் கடைசி நாளுக்கு வருகிறேன். பொட்டல் காட்டில் இரண்டு மேடுகள். கிழக்கு மேட்டில் சுண்ணாம்பு அடித்த பீப்பாய்கள், அதுதான் இலக்கு. மேற்கு மேட்டில் பள்ளம் வெட்டி நம் சிப்பாய்கள் பத்துப் பேர். மேலேயிருந்து தெரிவதற்காக அவர்கள் பக்கத்தில் ஆரஞ்சுத் துணி விரித்திருந்தது. பயிற்சிக் குண்டுதான், புகைதான் அதிகம். ஆனாலும் தலையில் விழுந்தால் ஆள் மிஞ்சமாட்டான்.

விமானத்தில் இருந்தவர் பெரிய அதிகாரி. பல சண்டை பார்த்தவர். நானோ நேற்று முளைத்தவன். எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன், அவரும் பார்த்துவிட்டேன் என்றார். விமானம் திரும்பித் தாழ்ந்தது. அதன் மூக்கு கொஞ்சம் மேற்கே இருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. நிச்சயமாகத் தெரியவில்லை. நான் நின்ற கோணத்தால் அப்படித் தெரிகிறதோ? நிறுத்தச் சொல்லி, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? பின்னால் எங்கள் மேஜர், அவருக்குப் பின்னால் கூடப் படிக்கிறவர்கள் இருபது பேர். கிழிந்த பாய்தான் என் கண் முன்னால் ஆடியது.

அப்புறம் உங்கள் குரல் கேட்டது. இருந்திருந்தா?

நிறுத்தச் சொல்ல ஒரு முறையான வார்த்தை கற்றுக் கொடுத்திருந்தார்கள். அது வாயில் வரவில்லை. ஜீப்பை இரண்டு தட்டுத் தட்டி, மைக்கில் “ஹோல்டான்! ஹோல்டான்!” என்று கத்தினேன். விமானம் குண்டு போடாமல் தலைக்கு மேலே கிறீச்சிட்டு ஏறிப் போனது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அந்த விமானி என்னைத் தேடி வந்தார். சல்யூட் அடித்து, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். “நான் மேற்கு மேட்டைத்தான் குறி வைத்திருந்தேன்” என்றார் இங்கிலீஷில். துணி காற்றில் சுருண்டு கிடந்ததாம், அவர் கண்ணில் படவே இல்லையாம். கையைப் பிடித்துக் குலுக்கினார். போன உயிர் எனக்கு அப்போதுதான் திரும்பி வந்தது அப்பா. ஜீப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

அந்தப் பத்துப் பேருக்கும் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் மேட்டிலிருந்து இறங்கி வந்து, டீ ஆறிப்போய்விட்டது என்று சமையல்காரரோடு சண்டை போட்டார்கள். எனக்கு அந்தச் சண்டையைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

இதை அம்மாவிடம் சொன்னேன். “ஒங்கப்பா கத்துனா ஆலங்குடி வரைக்குங் கேக்கும்” என்று சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

அடுத்த பயிற்சிக்குச் சொல்லிக் கொடுக்க என்னையே வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்: குண்டு போடச் சொல்வதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லத்தான் பழக்குவேன். மேலே இருப்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, ஊரே சிரித்தாலும் சரி.

அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இருந்தார்கள் அப்பா. பத்துப் பேர் இருந்தார்கள்.

முன்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்கள் மகன்,
ராமையா