சித்தப்பாவின் வழக்கில் நான் சொல்லாதது

நவம்பர் 14, வியாழன்

நீதிபதியை எனக்குத் தெரியும் என்று இன்று காலை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சித்தப்பாவைத் தவிர. அவர் இந்த நாட்டில் தங்குவதற்கான மேன்முறையீட்டில் நான் சாட்சி. கதவில் ஒட்டியிருந்த பட்டியலில் நீதிபதியின் பெயரைக் கண்டதும் சித்தப்பாவிடம் காட்டினேன். இந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி. எங்கள் பகுதியான நோர்பரியின் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு இலவசமாகச் சட்டம் சொல்லித் தந்தவர்.

"தெரிஞ்ச ஆளெண்டால் நல்லதுதானே பிள்ளை. வாய் திறக்காதை," என்றார் சித்தப்பா. "ஒரு வருசமாய்க் காத்திருக்கிறன். இன்னொருக்கால் தள்ளிப்போட்டால் என்னாலை ஏலாது."

எங்கள் வழக்கறிஞரிடம்கூடச் சொல்லவில்லை. நான்கு வருடம் அந்த நீதிபதியிடமே சட்டம் படித்துவிட்டு இதைச் செய்தேன்.

நீதிபதி வந்து அமர்ந்தார். என்னைப் பார்த்தார். கோப்பைத் திறக்கவே இல்லை.

"இந்தச் சாட்சி என் மாணவி. இந்த வழக்கை நான் விசாரிக்கக் கூடாது," என்று எழுந்துவிட்டார்.

"முடிஞ்சுது," என்று சித்தப்பா முணுமுணுத்தார். எனக்கோ அப்போதுதான் மூச்சு வந்தது.

இரண்டு மணிக்கு வேறொரு நீதிபதி விசாரித்தார். நான்கரைக்கு மேன்முறையீட்டை ஏற்று, சித்தப்பா இங்கேயே தங்கலாம் என்று தீர்ப்பளித்தார்.